எதிர்க்கடையும் பூட்டு

மச்சான்,

இன்று காலை உருளைக்கிழங்கு மூட்டைகளை இடம் மாற்றும்போது, சுவரோரம் செருகியிருந்த உன் அட்டை காலடியில் விழுந்தது. வாழைப்பழப் பெட்டியின் மூடியை வெட்டிக் கறுப்பு மாக்கரால் நீ எழுதியது. "திங்கள் முதல் வியாழன் வரை கடை பூட்டு. எதிர்க்கடையும் பூட்டு. அலைய வேண்டாம்." அலைய வேண்டாம் என்பதற்குக் கீழே நீ இழுத்த இரண்டு கோடுகளும் அப்படியே இருக்கின்றன. மூலையில் ஒரு பழுப்புக் கறை. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். நல்லெண்ணெய்.

மூட்டையின் மேல் அப்படியே இருந்துவிட்டேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். என் மனைவி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள், அட்டையைக் கண்டாள், தானே போய்ப் பச்சைமிளகாய் நிறுத்துக் கொடுத்தாள். நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. தைப்பொங்கல் முடிந்து சிவராத்திரி வருமுன் வியாபாரம் படுத்திருக்கும் அந்தக் கிழமை வந்துவிட்டது. நாம் மலைக்குப் போகும் கிழமை.

நம்மை இன்று யாராவது கூட்டாளிகள் என்று சொன்னால் ஓம் என்பேன். ஆனால் முதல் பதினொரு வருடமும் நாம் ஒரு வார்த்தை கதைத்தவர்கள் இல்லை. லண்டன் குரோய்டனில் ஒரே தெருவில், ஒரே சாமானை, எதிரும் புதிருமாக விற்றோம். நடுவில் ட்ராம் தண்டவாளம். ட்ராம் வந்தால் உன் கடை மறையும், போனால் தெரியும். அது மறைந்து தெரிவதற்குள் நீ முருங்கைக்காய்ப் பெட்டியை வாசலுக்கு இழுத்து வைத்திருப்பாய். அடுத்த ட்ராமுக்குள் நான் அதைவிடப் பெரிய பெட்டியை இழுத்து வைத்திருப்பேன். நீ ஷட்டரை இறக்கும்வரை நான் இறக்கமாட்டேன். நான் இறக்கும்வரை நீயும் இறக்கமாட்டாய். கிறிஸ்மஸ் விடுமுறையான நத்தார் நாளில் ட்ராம் ஓடாது. அன்றைக்கு மட்டும் நாள் முழுக்க இடைவெளியில்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பிள்ளையளுக்குத் தகப்பன்ரை முகம் மறந்துபோச்சு. எதிர்க்கடைக்காரருக்குத்தான் வடிவாத் தெரியும்" என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு மத்தியானம் நீ தண்டவாளத்தைக் கடந்து வந்தாய். விலை பார்க்கத்தான் வருகிறாய் என்று நினைத்து, வெங்காயத்தின் விலைப்பலகையைக் கவிழ்த்து வைத்தேன். நீ அதைக் கண்டும் காணாத மாதிரி நின்றாய்.

"அண்ணை, ஒரு விசயம் கதைக்கவேணும்."

"சொல்லுங்கோ."

"உங்கடை வலது முழங்கால் ஏலாதெல்லோ. ஏணியிலை ஏறேக்கை இடது காலைத்தான் முதல் வைக்கிறீங்கள். போன வருசம் அப்பிடி இல்லை."

எனக்கு ஆத்திரம் வந்தது. என் முழங்காலைப் பற்றி நான் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

"சுவிஸிலை மலைக்குமேலை ஒரு ஊர் இருக்கு" என்றாய். "சுடுதண்ணி ஊத்து. மூட்டு நோவுக்குச் சோக்கான தண்ணி. நடக்க நல்ல மலைப் பாதையளும் இருக்கு. நாலு நாள் போட்டு வருவமோ? நீங்கள் பூட்டினால் நான் பூட்டுறன்."

நான் வியாபாரி. அந்த இடத்திலேயே கணக்குப் பார்த்தேன். தனியப் பூட்டினால் என் ஆட்கள் உன்னிடம் வருவார்கள். இருவரும் பூட்டினால் ஒருவரும் எங்கும் போகமாட்டார்கள்; வெள்ளிக்கிழமை மரக்கறிக்குத் திரும்பி வந்துதானே ஆகவேண்டும்? பேரத்தில் ஓட்டை தெரியவில்லை. ஓட்டை இல்லாத பேரம்தான் எனக்குப் பயம் தருவது. ஆனாலும் முழங்கால் உண்மையாகவே நொந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள். "எதிரியோடை சுடுதண்ணியிலை இறங்கப் போறீங்களோ? கவனம், அமத்திப் போடுவார்."

முதல் பயணம் முழுக்க நாம் 'நீங்கள்' போட்டே கதைத்தோம். ஜெனீவாவில் இறங்கி, ரயில் மாறி, கடைசியில் ஒரு மஞ்சள் பஸ் வளைந்து வளைந்து மலையேறியது. மூன்று பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்க, கிண்ணத்துக்குள் வைத்ததுபோல் ஊர் இருந்தது. கூரைகளில் பனி. தெருவோரத்தில் ஒரு கல்தொட்டி; அதற்குள் சுடுதண்ணீர் ஆவி பறக்க விழுந்துகொண்டிருந்தது. பூட்டுவதற்கு ஒரு திருகாணிகூட இல்லை.

"இதை ஏன் ஒருத்தரும் போத்தலிலை அடைச்சு விக்கேல்லை?" என்று கேட்டேன்.

"அண்ணை, பஸ்ஸாலை இறங்கி அஞ்சு நிமிசம் ஆகேல்லை" என்றாய்.

சுடுதண்ணீர் ஊற்று என்றால் எனக்குத் தெரிந்தது திருகோணமலைக் கன்னியா ஒன்றுதான். அதுவும் செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யப் போகும் இடமாக. சாவீட்டுத் தண்ணீரில் சந்தோசத்துக்கு எப்படி இறங்குவது என்று எனக்குள் ஒரு தயக்கம். நீ திருகோணமலையான். சிரித்தாய். "எங்களுக்கு அது பக்கத்து வளவு மாதிரி. ஏழு கிணறு, ஏழு சூடு. செத்தவைக்கு ஒருக்கால் அள்ளி ஊத்தினால், இருக்கிறவை நாப்பது தரம் அள்ளி ஊத்துவினம்."

அப்படியானால் முறையாகவே முழுகிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். சுடுதண்ணீர் என்றால் எண்ணெய் வைக்காமல் முழுகலாமா? ஹோட்டல் அறையிலேயே தலைமுதல் முழங்கால்வரை நல்லெண்ணெயை அரக்கித் தேய்த்து, நன்றாக ஊறவிட்டு, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு உன்னோடு குளிப்பிடத்துக்கு வந்தேன். நீ முன்னால் போனதால் பார்க்கவில்லை. திறந்த வெளியில் பெரிய தடாகம். சுற்றிவரப் பனி, தண்ணீருக்குமேல் ஆவி, நிமிர்ந்தால் மலை. இறங்கிக் கழுத்தளவில் கண்ணை மூடினேன். அந்தச் சுகத்தை எழுதி விளங்கப்படுத்த முடியாது.

கண்ணைத் திறந்தபோது என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. குழம்பில் எண்ணெய் மிதப்பதுபோல் வட்டம் வட்டமாக மிதந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு மற்றப் பக்கம் நீந்தினார். விசில் சத்தம் கேட்டது. வெள்ளை உடுப்போடு ஒரு வயதான பெண் கரையில் நின்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

நீதான் வந்தாய். கரையைப் பிடித்து நின்றுகொண்டு அவளோடு கதைத்தாய். ஆங்கிலத்தில் இல்லை. அவளுடைய பாஷையில், நிறுத்தாமல், கையை ஆட்டி ஆட்டி. அவள் கோபம் இறங்கி உன்னை உற்றுப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். நீ தலையை மட்டும் ஆட்டினாய். பிறகு அவள் குனிந்து உன் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"உங்களுக்குத் தோல் வருத்தம், டொக்டர் தந்த மருந்தெண்டு சொன்னன். ஏறுங்கோ கெதியா. சவர்க்காரம் போட்டுக் கழுவினால்தான் திருப்பி விடுவாளாம்."

"உந்தப் பாஷை எங்கை பழகினது?"

"ஒரு குளிர்காலம் இஞ்சாலைப் பக்கம் நிண்டனான்" என்றாய். முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாய். பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினாய். சிரிப்பு நிற்கவில்லை. "டேய், உன்னைப் பொரிச்சு எடுத்த மாதிரி இருக்கடா" என்றாய். அந்த நிமிடத்தோடு 'நீங்கள்' போயிற்று. அதன் பிறகு நான் மச்சான், நீ மச்சான்.

எல்லாவற்றையும் தோண்டிக் கேட்கிறவன் நான். அந்தக் குளிர்காலத்தை மட்டும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கத் தோன்றவில்லை. என் மனம் முழுக்க, கடைக்குள் விட்டுவந்த வெங்காயம் முளைவிட்டிருக்குமா என்பதிலேயே நின்றது.

அடுத்த வருடமும் போனோம், அதற்கடுத்த வருடமும் போனோம். காலையில் நடை, மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர். அந்த ஊரின் பாதைகள் எனக்குப் பிடித்துக்கொண்டன. எங்கு பார்த்தாலும் மஞ்சள் பலகை. அதில் எத்தனை மைல் என்று எழுதாமல், எவ்வளவு நேரம் நடக்கவேண்டும் என்று எழுதியிருப்பார்கள். "உவங்கள் மணிக்கூடு செய்யிற சனம். வேறை எப்பிடி எழுதுவாங்கள்?" என்றாய் நீ. ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்ட அருவிப் பாதைக்கு நமக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. பாதித் தூரம் நான் நின்று நின்று கதைத்ததுதான் காரணம்.

அதனால்தான் நீ அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாய். முதலாவது மஞ்சள் பலகைக்கு அப்பால் கடைக்கதை கதைக்கக் கூடாது. கதைத்தவர் பையைத் தூக்க வேண்டும். பைக்குள் இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணீர், றொட்டி, கட்டைச் சம்பல், மழைக்கோட்டு, எல்லாம். பலகையைக் கடந்து ஐந்து நிமிடத்தில் நான் "இந்த முறை மாம்பழம் எப்ப இறங்கும்?" என்று தொடங்கியிருப்பேன். நீ பையைத் தோளிலிருந்து கழற்றி என் பக்கம் நீட்டுவாய். அத்தனை வருடமும் அந்த மலையில் பை தூக்கியவன் நான்தான்.

அடுத்ததை எழுதாமல் விடலாம். எழுதினால்தான் இது உனக்கு எழுதியதாகும்.

நாலாவது வருடம் நான் உன்னை ஏமாற்றினேன். அந்தக் கிழமை ஒரு பெரிய கலியாணவீட்டுக்குச் சாமான் கேட்டிருந்தார்கள். விட மனம் வரவில்லை. ஷட்டரை உன் கண்முன்னால் இறக்கினேன். ஷட்டர் பூட்டின் திறப்பை மனைவியின் தம்பியிடம் கொடுத்தேன். "நாங்கள் பிளேன் ஏறினாப் பிறகு திற. நாலு நாளும் திற" என்றேன். நீ பூட்டியிருக்க நான் திறந்திருக்கிறேன். நான் ஆசைப்பட்ட பேரம் கடைசியில் கிடைத்தது. பிளேனில் உன் பக்கத்தில் இருந்துகொண்டே உள்ளுக்குள் சிரித்தேன், மச்சான். அது எனக்கு மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை. தண்ணீருக்குள் இருந்தோம். பனி தூறியது. உன் தலைமயிரில் பனி, கழுத்துக்குக் கீழே சுடுதண்ணீர். நீ கண்ணை மூடியபடியே சொன்னாய்:

"மச்சான், உன்ரை கடையிலை வெண்டிக்காய் முடிஞ்சிருக்கும் இப்ப."

சூடு முழுக்கத் தலைக்கு ஏறியது எனக்கு.

"என்ன கதைக்கிறாய்?"

"சந்தையிலை சொன்னவங்கள். செவ்வாய்க்கிழமைக்கு எட்டுப் பெட்டி வெண்டிக்காய் நீ சொல்லி வைச்சிருக்கிறியாம். பூட்டியிருக்கிற கடைக்கு வெண்டிக்காய் எதுக்கடா? சோடிச்சு வைக்கவோ?"

"எப்ப தெரியும் உனக்கு?"

"போன வியாழன்."

"அப்ப ஏன் பூட்டினனி? தெரிஞ்சுகொண்டு ஏன் என்னோடை வந்தனி?"

நீ கண்ணைத் திறந்தாய். சண்டை பிடிப்பாய் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீ காலால் தண்ணீரின் அடியை ஒருமுறை தட்டினாய்.

"இதுக்குக் கீழைதான் லோன்றி. ஒண்டில்லை, மூண்டு குளிர்காலம் அங்கை நிண்டனான். நீங்கள் துடைச்செறியிற துவாயெல்லாம் ஒரு குழாயாலை கீழை விழும். துவைச்சு, காய வைச்சு, மடிச்சு மேலை அனுப்பிறது. பின்வாசலாலை வாறது, பின்வாசலாலை போறது. விடியமுன்னம் வந்தால் இருண்டாப் பிறகுதான் போறது. இந்த மலையை இஞ்சை இருந்து பாத்தால் எப்பிடித் தெரியுமெண்டு அப்ப எனக்குத் தெரியாது."

நான் தண்ணீருக்குள் என் காலடியைக் குனிந்து பார்த்தேன்.

"லண்டனுக்கு வந்து கடை போட்டாப் பிறகு ரண்டு தரம் தனிய வந்தனான், மச்சான். ஒருதருக்கும் சொல்லேல்லை. காசு இருக்கு, நல்ல கோட்டு இருக்கு. ரிக்கற் குடுக்கிற இடம்வரைக்கும் போவன். கால் தானாப் பின்வாசல் பக்கம் திரும்பும். ரண்டு தரமும் பஸ்ஸேறித் திரும்பிப் போட்டன். முன்வாசலாலை தனியப் போக எனக்கு ஏலாது."

"வீட்டிலை கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"அவைக்கு நான் முதலாளி. நீ அப்பிடியே? பதினொரு வருசமா என்னை இமை வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்த ஆள் நீதானே. இந்த லண்டனிலை என்னை வடிவாத் தெரிஞ்ச ஆள் வேறை ஆர்? நீ கடையை விட்டு வாற ஆளில்லை. நான் பூட்டினால் நீ பூட்டுவாய் எண்டு தெரியும். அதுதான் கேட்டனான்."

ஓட்டை இல்லாத பேரத்தின் ஓட்டையை அன்றுதான் கண்டேன். வியாபாரத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். நீ கேட்டது நாலு நாள் துணை. அதைத் துணை என்று சொன்னால் நான் வரமாட்டேன் என்று தெரிந்து, பேரம் என்று சொல்லிக் கொண்டுவந்திருக்கிறாய்.

நான் தண்ணீரிலிருந்து ஏறி, துவாயைச் சுற்றிக்கொண்டு போய் மச்சினனுக்கு போன் எடுத்தேன். "கடையைப் பூட்டு."

"அத்தான், சனம் நிக்குது!"

"எதிர்க்கடை பூட்டெண்டால் எங்கடையும் பூட்டு. இறக்கடா ஷட்டரை."

துடைத்த துவாயைக் குழாய்க்குள் எறியக் கை வரவில்லை. மடித்து, பக்கத்தில் இருந்த கதிரையில் வைத்தேன். இன்றுவரை எங்கு போனாலும் துவாயை மடித்தே வைக்கிறேன். என் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அடுத்த வருடம் புறப்படும் காலையில் இரண்டு அட்டைகளோடு தண்டவாளம் கடந்து வந்தாய். ஒன்று உன் கடைக்கு, ஒன்று என் கடைக்கு. என் ஷட்டரை நீயே இழுத்து இறக்கினாய். திறப்பை வாங்கி உன் பொக்கற்றில் போட்டுக்கொண்டாய். "நம்பிக்கை இல்லாமல் இல்லை மச்சான். உன்னைத் தெரியும், அதுதான்" என்றாய். பிறகு வருடா வருடம், அந்த முதல் முழுக்கைச் சொல்லிச் சிரித்தபடி, என் பைக்குள் ஒரு சின்னப் போத்தல் நல்லெண்ணெயைச் செருகுவாய். அந்த எண்ணெய்க் கையோடு அட்டையைத் தொங்கவிட்டதுதான் இந்தக் கறை.

போன வருடம் உனக்கு மூச்சு வாங்கியது. அருவிப் பாதையில் பாதி வழியில் இருக்கும் மர வாங்கில் குந்திக்கொண்டு, "நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு" என்றாய். நான் தனியப் போனேன். அருவி முக்கால்வாசி உறைந்து, ஓரத்தில் மட்டும் ஒரு கைப்பிடி அளவு தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து சொன்னேன். "பைப்பு லீக் மாதிரியோ?" என்று கேட்டாய். "ஓம்" என்றேன். இருவரும் சிரித்தோம். நீ இருமினாய். அன்று நீ பையை என் பக்கம் நீட்டவில்லை. கடைக்கதை கதைக்காமலே அதை நான் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

சித்திரை போய் வைகாசியில் நீ போய்விட்டாய். துளசி தன் வேலையை விட்டுவிட்டு உன் கடையைத் திறந்தாள். உன் மகள் கெட்டிக்காரி. ஆனால் மரக்கறி அவளுக்குப் புதிது. ஒளிக்காமல் சொல்கிறேன்: முதல் இரண்டு மாதம் உன் ஆட்களில் பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள். முதல் கிழமை எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. இரண்டாம் கிழமை ட்ராம் வந்து போன பிறகு நிமிர்ந்து பார்த்தேன். உன் வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டி இல்லை. அன்று முழுக்க என் பெட்டியை வெளியே இழுக்க மனம் வரவில்லை. ஆருக்குக் காட்ட?

இன்று மத்தியானம், நான் உன் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த நேரம், துளசி தண்டவாளம் கடந்து வந்தாள். அவள் கையிலும் ஒரு அட்டை. நீ உன் கடைக்கு எழுதியது.

"மாமா, பிஸியோ?"

"உன்ரை கடையைப் பாத்துக்கொண்டிருக்கிறன். வேறை என்ன வேலை எனக்கு?"

அவள் சிரிக்கவில்லை. "நெக்ஸ்ட் வீக்தானே அப்பாவும் நீங்களும் குளோஸ் பண்றது? நான் பூட்ட ஏலாது மாமா. இப்பதான் கஸ்டமர்ஸ் திரும்பி வாறினம். நாலு நாள் ஷட்டர் கீழை எண்டால், கடை முடிஞ்சு போச்செண்டு நினைப்பினம். ஐ ஆம் சொறி."

"இதுக்கு ஏன் சொறி?"

"டீல் எல்லோ? மாமாவைக் கேக்காமல் அந்த நாலு நாளும் திறக்கக் கூடாதெண்டு அப்பா சொன்னவர். ஹொஸ்பிற்றல்லை வைச்சுச் சொன்னவர்." அட்டையை மறுகைக்கு மாற்றினாள். "நீங்களும் திறவுங்கோ. அதுதான் ஃபெயர்."

உன் மகள் என்னிடம் அனுமதி கேட்டு நின்றாள், மச்சான். நாலாம் வருடம் உன்னைக் கேட்காமல் திறந்தவனிடம்.

ட்ராம் வந்தது. உன் கடை மறைந்தது. அந்த இடைவெளியில் கணக்குப் பார்த்தேன், பழக்கம் போகாது. இருவரும் திறந்தால் சனம் என்னிடம்தான் வரும், சாமான் என்னிடம்தான் கூடுதல். நான் மட்டும் பூட்டினால் சனம் அவளிடம் போகும். போனவர்களில் சிலர் திரும்பி வரமாட்டார்கள். எத்தனை பேர் என்றும் ஏறக்குறைய எனக்குத் தெரியும். ட்ராம் போயிற்று. உன் கடை தெரிந்தது.

"முருங்கைக்காய்ப் பெட்டியை வெளியிலை இழுத்து வை பிள்ளை" என்றேன். "உள்ளுக்கு வைச்சால் ஆருக்குத் தெரியும்?"

"நீங்கள் வெளியிலை வைச்சிருக்கிறீங்களே மாமா, அதாலை..."

"அதுக்குத்தான் சொல்லுறன். திங்கள் துடங்கி நான் இல்லை."

"தனியவோ போறீங்கள்?"

"ஓம். செவ்வாய்க்கு வெண்டிக்காய் கூடுதலா எடு. அண்டைக்கு உனக்குக் காணாது."

இவ்வளவும் சனிக்கிழமை எழுதியது. இப்போது செவ்வாய். அருவிப் பாதையில் உன் வாங்கில் இருந்து எழுதுகிறேன்.

நேற்று விடிய உன் அட்டையை எடுத்து, "எதிர்க்கடையும் பூட்டு" என்ற வரியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை ஒட்டி, "எதிர்க்கடை திறந்திருக்கு. அங்கே போகவும்" என்று எழுதினேன். உன் எழுத்துப்போல் வடிவில்லை. 'அலைய வேண்டாம்' என்பதை அப்படியே விட்டேன். அது இப்போதும் பொருந்தும். தொங்கவிட்டுத் திரும்பினால், நமக்கு இருவருக்கும் வாடிக்கையான அந்த மட்டுவில் ஊர்க்கார அம்மா, தள்ளுவண்டியோடு நின்று வாசித்துக்கொண்டிருந்தா. வாசித்து முடித்து என்னை மேலும் கீழும் பார்த்தா.

"தம்பி, உமக்கு ஏதும் வருத்தமோ?"

"இல்லையம்மா. நல்லாயிருக்கிறன்."

"எதிர்க்கடைக்குப் போகச் சொல்லி நீர் எழுதியிருக்கிறீர்! டொக்டரிட்டைக் காட்டினனீரோ?"

பின்னேரம் ஊர் வந்து சேர்ந்தேன். குளிப்பிடத்து முன்வாசலில் கால் நின்றது. நீ சொன்ன அந்த இடத்தில்தான், ரிக்கற் கொடுக்கும் கண்ணாடிக்கு முன்னால். எனக்கு அங்கே துவைத்த கதை ஒன்றும் இல்லை. ஆனாலும் திரும்பிவிடலாம் போல் இருந்தது. பக்கத்தில் ஒருவர் இல்லாமல் சில வாசல்கள் கொஞ்சம் உயரம்தான். கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் வந்த ஒரு குடும்பம் "போறீங்களோ இல்லையோ" என்பதுபோல் பார்த்தது. போனேன். தண்ணீர் அதே சூடு. மலையையும் நன்றாகப் பார்த்தேன், உனக்கும் சேர்த்து. எண்ணெய் வைக்கவில்லை.

எண்ணெய்ப் போத்தல் பைக்குள் இருந்ததை இன்று காலைதான் கண்டேன். நான் வைக்கவில்லை. என் மனைவியும் இல்லை என்கிறாள். புறப்படும்போது துளசி கடைப்பக்கம் வந்து பையைக் கொஞ்சம் பிடித்து நின்றவள். நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

இதை எழுதிக்கொண்டிருக்கப் போன் துடித்தது. பலகையைத் தாண்டி அரை மணித்தியாலம் வந்துவிட்டேன், பார்க்கக் கூடாது. பார்த்தேன். உன் வாசலில் முருங்கைக்காய்ப் பெட்டி, அதற்குப் பக்கத்தில் வெறும் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கும் படம். கீழே துளசி எழுதியிருந்தாள்: "மாமா, வெண்டிக்காய் முடிஞ்சுது!"

வாங்கில் இருந்து சத்தமாகச் சிரித்தேன். நடந்துபோன ஒரு சோடி திரும்பிப் பார்த்தது. "நாளைக்கும் அதே அளவு எடு. முத்தல் வாங்காதே, நுனியை முறிச்சுப் பார்" என்று பதில் அனுப்பினேன்.

கடைக்கதைதான், மச்சான். ஒத்துக்கொள்கிறேன். பையை நான் தூக்குகிறேன்.